தண்ணீர் நிற்காத இடம்

அத்தியாயம் 7

செடிக்குத் தண்ணீர் விடுகிற பூவாளியால் மோட்டார் வண்டிக்குத் தண்ணீர் விடுகிற மனிதரைத் தம்புசாமி அன்றுதான் பார்த்தான்.

“எவ்வளவு ஊத்தினாலும் இது லாரியா வளராது லா, ஐயா,” என்றான்.

“வாயைப் பொத்திக்கொண்டு வடிவாப் பாரும்,” என்றார் துப்பறியும் நவரட்ணம்.

வாயைப் பொத்துவதுதான் தம்புசாமிக்கு வராது. மலாக்காவுக்கும் பெம்பானுக்கும் நடுவே ஆறு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன். டிக்கெட் கிழிக்கிற கையைவிட வாய்தான் அதிகம் உழைத்தது. ஒரு நாள் பஸ் முதலாளியின் மாமியாரிடம், “ஆச்சி, உங்களுக்கு ஒரு சீட்டு, உங்க கோபத்துக்கு ஒரு சீட்டு” என்று இரண்டு டிக்கெட் நீட்டி வேலையைத் தொலைத்தான். பின் சீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்ட நவரட்ணம் மறுநாளே அவனைக் கூப்பிட்டுத் தன்னோடு வைத்துக்கொண்டார். சிரிக்கிற மனிதனுக்கு மறைக்க வேண்டியது மறந்துபோகும், ஆகவே சிரிக்கவைக்க ஓர் ஆள் வேண்டும் என்பது அவர் கணக்கு.

நவரட்ணம் யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருஷம் சர்வே ஆபீசில் படம் வரைந்து பென்ஷன் பெற்றவர். வெற்றிலை கிடையாது, சுருட்டு கிடையாது, கள்ளுக்கடை இருக்கிற திசையில் தலைவைத்துப் படுத்ததில்லை. அவருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். கண்டுபிடித்ததைச் சபை கூடுகிறவரை வாய்திறந்து சொல்ல மாட்டார். நாலு பெரிய மனிதர்கள் சுற்றி நிற்க வேண்டும், நடுவில் நின்று இவர் முடிச்சை அவிழ்க்க வேண்டும், எல்லோரும் அசந்துபோக வேண்டும். அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் இவர் துப்பறிகிறாரோ என்று தம்புசாமிக்கு வெகுநாளாகச் சந்தேகம் உண்டு.

1935-ஆம் வருஷத்து அந்த வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர்கள் நின்றது பெம்பானுக்கு அப்பால், ஆலமரத் தோட்டத்துப் பெரிய பங்களாவின் மோட்டார் கொட்டகையில். தோட்டத்துக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் உண்டு. லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த முந்நூறு பேரில் ஒருவர்கூட அதைச் சொன்னதில்லை.

கொட்டகைக்குள் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்து நின்றது ஒரு பச்சை மோட்டார். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் பெம்பான் சாலையில் இந்த மோட்டார் மாட்டுவண்டிக்கார ரங்கசாமியை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. மறுநாள் ஆஸ்பத்திரியில் ரங்கசாமி செத்துப்போனார். காப்பிக்கடை மலாய்க்காரர் பச்சை மோட்டாரைப் பார்த்தாராம், ஓட்டினவன் முகத்தைப் பார்க்கவில்லையாம். அந்த வட்டாரத்தில் பச்சை மோட்டார் இது ஒன்றுதான். முன்விளக்கு ஒன்று கோணிக்கொண்டிருந்தது. ஆகவே வண்டி எது என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. ஓட்டியது யார் என்பதுதான் தகராறு.

வண்டிக்குச் சொந்தக்காரரான பெரிய துரை ஆறு மாத லீவில் சீமைக்குப் போயிருந்தார். வண்டியைக் கழுவி, மெழுகு பூசி, சாவி வைத்திருந்தவன் காளிமுத்து. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, பெரிய துரைக்குப் பதிலாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சின்ன துரை வந்து சாவி கேட்டார், கொடுத்துவிட்டு லயத்துக்குப் போய்விட்டேன் என்றான் அவன். நான் அன்று முழுக்கப் பங்களாவில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன், சாவியைத் தொடவே இல்லை என்றார் சின்ன துரை. இரண்டு பேச்சில் எது கனமானது என்று நிறுத்துப் பார்க்க அந்தக் காலத்தில் தராசு தேவைப்படவில்லை. திங்கட்கிழமை விடியற்காலை காளிமுத்து வேலைக்கு வருகிறபோதே கேட்டில் மடக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். அவன் கொட்டகைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பங்களா குசினியில் சமைத்த ஹைனான் சீனனுக்கு ஏதாவது தெரிந்திருக்கலாம். அவனை அதே திங்கட்கிழமை லீவு கொடுத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். சின்ன துரைக்கு வேலையாட்கள்மேல் அவ்வளவு பிரியம்.

மிச்சம் இருந்தது ஜானகி, காளிமுத்துவின் பெண்டாட்டி. ரப்பர்ப் பால்மரம் வெட்டுகிறவள். அன்று என் புருஷன் வீட்டில்தான் இருந்தான் என்று அவள் சொன்னாள். பெண்டாட்டி சாட்சி எந்தக் கோர்ட்டுக் கச்சேரியில் எடுபடும். அவள்தான் பஸ் ஏறி மலாக்காவுக்கு வந்து நவரட்ணத்தின் வீட்டு வாசலில் நின்றவள். “அவரைக் கம்பி எண்ண வச்சிட்டு, அப்புறம் கப்பல்ல ஏத்தி எங்களை நாகப்பட்டினம் அனுப்பிடுவாங்களாம், ஐயா. நான் பொறந்தது இந்தத் தோட்டத்துலதாங்க. நாகப்பட்டினம் எந்தப் பக்கம் இருக்குன்னுகூடத் தெரியாது,” என்றாள். அழாமல் சொன்னாள்.

நவரட்ணம் பூவாளியை என்ஜின் முன்மூடியின்மேல் சாய்த்தார். தண்ணீர் விழுந்த இடமெல்லாம் முத்து முத்தாகத் திரண்டு நின்றது. வலதுபக்கத்து மட்கார்டில் சாய்த்தார், அங்கேயும் முத்து. கதவில், முத்து. சுற்றிக்கொண்டு போய்ச் சுவர் ஓரமாக இருந்த இடதுபக்கத்து முன் மட்கார்டில் சாய்த்தார். தண்ணீர் திரளவில்லை. கண்ணாடியில் எண்ணெய் கொட்டினதுபோல் பரவி, படர்ந்து, வழிந்து தரையில் சொட்டியது.

“என்ன தெரியுது உமக்கு?”

“மூணு பக்கம் தண்ணி நிக்குது. இந்தப் பக்கம் நிக்கல. மொட்டைத்தலைக்காரன் குளிச்ச மாதிரி ஓடுது.”

“ஏன் நிக்கேல்லை?”

தம்புசாமி குனிந்தான். அரைச் சாண் அகலத்துக்குப் பச்சை மங்கிப்போயிருந்தது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது அதில் மெல்லிய கீறல்கள், வட்டம் வட்டமாக.

முந்தின நாள் லாக்கப்பில் காளிமுத்துவிடம் வாய்பிடுங்கும் வேலை தம்புசாமிக்குக் கிடைத்திருந்தது. காளிமுத்து தன் கேஸைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினான். மோட்டாரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். வெயிலில் நிறுத்திக் கழுவவே கூடாதாம். கிணற்றுத் தண்ணீர் ஆகாது, மழைத் தண்ணீர்தானாம். சவுக்காரம் கண்ணில் காட்டக்கூடாதாம். முதலில் தூசியைத் தண்ணீராலேயே ஓட்டிவிட வேண்டும், பிறகுதான் துணி. துணி எப்போதும் நீளவாக்கில் போக வேண்டும், மூக்கிலிருந்து வாலுக்கு. மெழுகில் டர்பன்டைன் விட்டு உள்ளங்கைச் சூட்டில் இளக்கி, இருக்கா இல்லையா என்று தெரியாத அளவு மெல்லிசாகப் பூச வேண்டுமாம். பதினொரு வருஷம் இதே வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி முழுக்கப் பூசி முடித்தானாம். அதைச் சொல்லும்போது மட்டும் கம்பிக்குப் பின்னால் அவன் முகம் தெளிந்தது.

தம்புசாமி மெதுவாக நிமிர்ந்தான். “சவுக்காரம் போட்டுத் தேய்ச்சிருக்காங்க.”

“ஓம். சவுக்காரமும் தேங்காய்நாரும். மெழுகை உரிச்சுப் போட்டுது.”

“ஏன் ஐயா, காளிமுத்துவே ரத்தத்தைக் கழுவத் தேய்ச்சிருக்கலாமே? போலீஸ் அப்படித்தானே கேக்கும்?”

நவரட்ணம் சிரித்தார். தம்புசாமி கேட்க வேண்டும் என்று அவர் காத்திருந்த கேள்வி அது. “கேக்கட்டும். மெழுகு பூசின இடத்தில ரத்தம் ஒட்டாது, தம்புசாமி. பச்சைத் தண்ணியில துணியை நனைச்சு ஒருக்கா ஒத்தினால் போதும், வந்திடும். பதினொரு வருஷமாப் பூசினவனுக்கு அது தெரியாதோ? மெழுகு எண்டால் என்ன எண்டு தெரியாதவன்தான் பதறிப்போய்ச் சவுக்காரத்தைத் தேடுவான். தன்ரை வாழ்நாளில வண்டி கழுவாதவன்தான் வட்டம் வட்டமாத் தேய்ப்பான்.”

தம்புசாமிக்கு உச்சி குளிர்ந்தது. “அப்ப சின்ன துரையோட கையெழுத்து இது.”

“கையெழுத்துத்தான். இதை அழிக்கவும் அவராலை ஏலாது. அழிக்க வேணும் எண்டால் மெழுகு பூசத் தெரிஞ்சிருக்க வேணும்.”

வாசலுக்கு வெளியே தோட்டத்து ஆபீஸ் கணக்கெழுதுகிற பெரிய கிராணி கதிரேசு நின்றுகொண்டிருந்தார். போலீஸ் பூட்டிவைத்த கொட்டகையின் சாவி அவரிடம்தான் இருந்தது. நவரட்ணம் தன் ஊர்க்காரர் என்பதற்காகத் திறந்துவிட்டவர், திறந்த கையோடு முதுகைக் காட்டிக்கொண்டு ஆலமரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோ,” என்று கூப்பிட்டார் நவரட்ணம்.

“வேண்டாம், தம்பி. பார்த்தால் பிறகு பார்த்தேன் எண்டு சொல்ல வேண்டிவரும். நான் பிள்ளைகுட்டிக்காரன்,” என்றார் கதிரேசு, திரும்பாமலே.

அதோடு அந்த வாசல் அடைபட்டது. கண்ணால் பார்த்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் கைதியின் பெண்டாட்டி கூப்பிட்டு வந்தவர்கள். அவர்கள் பேச்சை யார் நம்புவார்கள். போலீஸ் துரை தன் கண்ணால் பார்க்க வேண்டும். அவர் நல்ல மனிதர்தான், முந்தின நாள் கெஞ்சியபோது நேரம் கொடுத்தார். வியாழன் நாலு மணிக்குத் தோட்டத்துக்கு வருகிறேன், கைதியையும் கொண்டுவரச் சொல்கிறேன், காட்ட வேண்டியதைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் ஐந்து மணிக்கு அவன்மேல் குற்றம் எழுதி மலாக்காவுக்கு அனுப்புவேன் என்று சொல்லியிருந்தார்.

“நான் போய்த் துரையைக் கூட்டிக்கொண்டு வாறன். நீர் இஞ்சயே நில்லும். ஒருத்தரும் இதில கை வைக்கப்படாது. முக்கியமாச் சின்ன துரையைக் கிட்ட அண்ட விடாதையும்,” என்றார் நவரட்ணம்.

“காளிமுத்துகிட்டச் சொல்லிடட்டுமா, ஐயா? பாவம், கொஞ்சம் தெம்பா இருப்பான்.”

நவரட்ணம் விரலை உயர்த்தினார். “மூச்சு விடப்படாது. தெரிஞ்சால் அவன்ரை முகத்தில தெரியும். நாங்கள் சொல்லிக்குடுத்துக் கூட்டிவந்தது மாதிரித் துரை நினைப்பார். நான் தண்ணி ஊத்தேக்குள்ள மற்றவையைப் போல அவனும் திகைக்க வேணும். அதுதான் அழகு.”

அழகு என்ற சொல்லை அவர் ரசித்துச் சொன்னார். தம்புசாமியும் தலையாட்டினான்.

*

இரண்டு மணிக்கு ஒரு போலீஸ்காரர் காளிமுத்துவைக் கொண்டுவந்து சேர்த்தார். வெயிலில் நடந்து வந்த களைப்பு. கைவிலங்கைக் கழற்றிவிட்டு, “இங்கேயே உட்கார், எங்கேயும் போகாதே” என்று கொட்டகைக்குள் உட்காரவைத்தார். பிறகு தானும் மரத்தடிக்குப் போய்த் தொப்பியைக் கழற்றினார். வேலிக்கு அந்தப் பக்கம் ஜானகி நின்றாள். கிட்ட வரக்கூடாது என்று உத்தரவு. பால் வெட்டிவிட்டு அப்படியே வந்திருந்தாள், தலையில் கட்டின துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

நாலு நாளில் காளிமுத்து இளைத்துப்போயிருந்தான். கன்னம் ஒட்டி, தாடி முளைத்து, கண் உள்ளே போயிருந்தது. உட்காராமல் நேரே மோட்டாரைச் சுற்றிக்கொண்டு நடந்தான். இடதுபக்கத்து மட்கார்டு வந்ததும் நின்றுவிட்டான்.

“அண்ணே,” என்றான். “இது என்ன?”

சொல்லக்கூடாது என்று உத்தரவு. சும்மா இருக்கவும் தம்புசாமிக்கு வராது. அந்த மனிதனைக் கொஞ்சம் சிரிக்கவைக்கலாம் என்றுதான் நினைத்தான்.

“உன் மோட்டார் காடிக்குச் சொறி புடிச்சிருக்கு லா. நாலு நாள் நீ இல்லேன்னதும் ஏங்கிப்போய் முடி கொட்டிடுச்சு.”

காளிமுத்து சிரிக்கவில்லை. விரல் நுனியால் அந்த மங்கலைத் தொட்டு, விரலை மூக்கில் வைத்துப் பார்த்தான். “சவுக்காரம். எந்தப் பாவி, அண்ணே?”

“எவனோ பானை துலக்கினவன். விடு. நாலு மணிக்குப் போலீஸ் துரை வர்றாரு.”

“என்னைப் பாக்கவா?”

“உன் காடியைப் பாக்க. உன்னை எவன் பாப்பான், அழகுன்னா நெனைச்சே?”

காளிமுத்து மட்கார்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “என் காடியைப் பாக்க வர்றாரு,” என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டான். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். பேச்சை மாற்றிவிட்டோம் என்று தம்புசாமி நிம்மதியாகக் கொட்டகை வாசலுக்கு வந்தான்.

மூன்று மணிக்குச் சின்ன துரை பங்களாப் படியில் இறங்கினார். இருபத்துநாலு வயசு இருக்கும். காது சிவந்திருந்தது. தம்புசாமி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்த ஆள் இவர்தான். கொட்டகைக்கு வரவிடாமல் நாற்பது அடி முன்னாலேயே போய்ப் பாதையின் நடுவில் நின்றுகொண்டான்.

“தள்ளு,” என்றார் சின்ன துரை. தோட்டத்துத் துரைமார் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணுகிற தமிழில் கட்டளை மட்டும்தான் உண்டு.

“தள்ளலாம், துரை. எந்தப் பக்கம்?”

“காடி வேணும். சாவி கொண்டா.”

“காடிக்கு உடம்பு சரியில்லைங்க. போலீஸ் டாக்டர் நாலு மணிக்கு வந்து நாடி பாக்கறாரு. அதுவரைக்கும் ஆகாரம்கூடக் கொடுக்கக்கூடாதுன்னு உத்தரவு.”

சின்ன துரைக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியே முகத்தைச் சிவப்பாக்கியது. மரத்தடியில் இருந்த போலீஸ்காரர் துரையைக் கண்டு பதறி எழுந்து, தொப்பியை மாட்டி, சலாம் வைத்தபடி விறைத்து நின்றார். துரை அவரிடம் மலாயில் ஏதோ கேட்டார். அவர் போலீஸ் துரையின் உத்தரவு, போலீஸ் துரையின் உத்தரவு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். துரை ஓர் அடி முன்னால் வந்தார். தம்புசாமி ஓர் அடி பக்கவாட்டில் வைத்தான். துரை இந்தப் பக்கம் வந்தார். தம்புசாமியும் இந்தப் பக்கம் வந்தான். சடுகுடு ஆட்டம் இருபது நிமிஷத்துக்குமேல் நடந்தது. ஒரு வெள்ளைக்காரர் கையை ஓங்கினால் வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. ஆனாலும் நகரவில்லை.

கடைசியில் சின்ன துரை தோளைக் குலுக்கிக்கொண்டு பங்களாவுக்குத் திரும்பினார். போகும்போது லேசாகச் சீட்டி அடித்தார். ஒரு வெள்ளைக்காரரைத் திருப்பி அனுப்பியாயிற்று. தம்புசாமியின் நெஞ்சு அரை அங்குலம் விரிந்தது.

கொட்டகைக்குத் திரும்பியபோது காளிமுத்து அதே இடத்தில் உட்கார்ந்து கையை ஒரு துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். டர்பன்டைன் வாசனை வந்தது. மோட்டார் கொட்டகையில் டர்பன்டைன் வாசனை வராமல் சாம்பிராணியா வரும் என்று தம்புசாமி நினைத்துக்கொண்டான். காளிமுத்துவின் முகம் தெளிந்திருந்தது. பரவாயில்லை, நம்ம பேச்சில் ஆள் கொஞ்சம் தேறிவிட்டான் என்று அதையும் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டான்.

*

நாலு மணிக்குச் சபை கூடியது. நவரட்ணம் ஆசைப்பட்டபடியே எல்லோரும் வட்டமாக நின்றார்கள். போலீஸ் துரை. நோட்டுப் புத்தகத்தோடு போலீஸ்காரர். தூணில் சாய்ந்துகொண்டு சின்ன துரை. இரண்டு பக்கமும் சேராத ஒரு தூரத்தில் கதிரேசு. மோட்டாரைப் பின்னால் தள்ளி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மேற்கே மேகம் கட்டியிருந்தது.

நவரட்ணம் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு இங்கிலீஷில் தொடங்கினார். மெழுகின் குணத்தைச் சொன்னார். சவுக்காரத்தின் குணத்தைச் சொன்னார். தெரிந்த கைக்கும் தெரியாத கைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னார். வண்டியைப் பார்த்துப் பார்த்து வளர்த்தவன் அதன் தோலை உரிக்க மாட்டான் என்றார். கண்டக்டர் இங்கிலீஷில் தம்புசாமிக்கு முக்கால்வாசி விளங்கியது. விளங்கினமட்டில் உடம்பு சிலிர்த்தது. சின்ன துரை தூணைவிட்டு நிமிர்ந்து நின்றுவிட்டார். அவர் காதில் இப்போது சிவப்பு இல்லை, வெளுத்துப்போயிருந்தது. போலீஸ் துரை அதைப் பார்த்தார். தம்புசாமியும் பார்த்தான்.

“பாருங்கள்,” என்றார் நவரட்ணம். பூவாளி முன்மூடியில் சாய்ந்தது. முத்து முத்தாக நின்றது தண்ணீர். “இங்கே பாருங்கள்.” வலது மட்கார்டில் முத்து. “இனி இங்கே,” என்று இடது மட்கார்டுக்கு வந்து, ஒரு நிமிஷம் நிறுத்தி, எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பூவாளியைச் சாய்த்தார்.

முத்து முத்தாக நின்றது தண்ணீர்.

மற்ற இடத்தைவிட வடிவாக நின்றது. ஒவ்வொரு துளியும் உருண்டையாக, ஒன்றை ஒன்று தொடாமல். நவரட்ணம் மறுபடியும் சாய்த்தார். மறுபடியும் நின்றது. குனிந்து வெளிச்சத்துக்கு எதிரே தலையைச் சாய்த்துக் கீறலைத் தேடினார். வட்டம் ஒன்றும் இல்லை. மட்கார்டு முழுக்க ஒரே பச்சை, அதில் அவர் முகமே தெரிந்தது. அந்த முகத்தில் ஈயாடவில்லை.

“வண்டி மிகவும் சுத்தமாக இருக்கிறது, மிஸ்டர் நவரட்ணம்,” என்றார் போலீஸ் துரை, மட்கார்டைத் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டியபடி. கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கே சங்கடமாக இருந்தது.

துரை வாயிலிருந்து வந்தது பாராட்டு என்பது காளிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. பதினொரு வருஷமாகத் துரைமார் வாயிலிருந்து அவன் கேட்ட ஒரே பாராட்டு அது. கையைக் கட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தான்.

“கவலைப்படாதீங்க, ஐயா,” என்றான் நவரட்ணத்தைப் பார்த்து. “அந்த இடத்தை எவனோ சவுக்காரம் போட்டுக் கெடுத்து வச்சிருந்தான். துரை பாக்க வர்றாருன்னு அண்ணன் சொன்னாரு. அப்படியே விட்டா என் வேலையைப் பத்தி என்ன நெனைப்பாரு? மூணு கை மெழுகு போட்டு எடுத்துட்டேன். ஒரு அடையாளம் இல்லாம எடுத்துட்டேங்க.”

யாரும் கை வைக்கக்கூடாது என்று உத்தரவு. காளிமுத்து அந்த ‘யாரும்’ என்பதில் சேர்த்தி என்று தம்புசாமிக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. வேண்டாதவனை நாற்பது அடிக்கு அப்பால் நிறுத்திவிட்டு, முதுகுக்குப் பின்னால் கதவைத் திறந்துவைத்திருந்தான்.

“அவன் என்ன சொல்கிறான்?” என்றார் போலீஸ் துரை.

நவரட்ணம் இன்னும் மட்கார்டில் கீறலைத் தேடிக்கொண்டிருந்தார். சின்ன துரைதான் மொழிபெயர்த்தார். பரீட்சை பாஸ் பண்ணின தமிழ் அதற்குப் போதுமானதாக இருந்தது. அந்த இடத்தில் அடையாளம் இருந்தது, நான்தான் இல்லாமல் எடுத்தேன் என்கிறான், என்றார் அமைதியாக. ஒரு சொல்லைக்கூட அவர் பொய்யாகச் சொல்லவில்லை. சவுக்காரத்தை மட்டும் விட்டுவிட்டார்.

“சவுக்காரம் எண்டும் சொன்னவன். சோப், துரை, சோப்,” என்றார் நவரட்ணம். எந்தப் பாஷையில் பேசுகிறோம் என்பதே அவருக்கு நினைவில்லை.

போலீஸ் துரை நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “இருந்ததாக நீங்கள் சொல்கிறீர்கள். நான் எதைப் பார்த்து நம்புவது? அவன் துடைத்ததாக அவனே சொல்கிறான். அதை நான் காதால் கேட்டேன்.” பிறகு கதிரேசைப் பார்த்தார். “காலையில் கொட்டகையைத் திறந்தது நீங்கள்தானே? ஏதாவது பார்த்தீர்களா?”

கதிரேசு தொண்டையைச் செருமினார். “நான் பார்க்கவில்லை, சார்,” என்றார். அது உண்மை. அந்த உண்மையைக் காலையிலேயே பாடுபட்டுச் சம்பாதித்து வைத்திருந்தார்.

போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். கைதி தானே ஒப்புக்கொண்டது: மட்கார்டில் இருந்த அடையாளத்தை அழித்தேன். அதன்கீழே காளிமுத்துவின் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. வைக்கும்போது மைக்கறை வண்டியில் பட்டுவிடாமல் கையை எட்டப் பிடித்துக்கொண்டான்.

கைவிலங்கு மாட்டுகிறபோதுதான் ஏதோ பிசகிவிட்டது என்று அவனுக்கு உறைக்கத் தொடங்கியது. நவரட்ணத்தைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார். தம்புசாமியைப் பார்த்தான்.

“என்ன அண்ணே, நான் எதாவது தப்புப் பண்ணிட்டேனா?”

ஆறு வருஷம் பஸ்ஸில் ஒரு கேள்விக்கு மூன்று பதில் வைத்திருந்தவன் தம்புசாமி. “இல்லப்பா. நீ ஒண்ணும் தப்புப் பண்ணல,” என்று மட்டும் சொன்னான்.

தோட்டத்து லாரி வந்து நின்றது. காளிமுத்துவைப் பின்பக்கம் ஏற்றினார்கள். முதல் துளி விழுந்தது. லாரி நகர்ந்தபோது அவன் பலகையைப் பிடித்துக்கொண்டு எக்கி நின்றான்.

“அண்ணே, காடியை உள்ளே தள்ளிடுங்க. மேல விழுந்த தண்ணியைத் துடைச்சிடுங்க. துளி அப்படியே காஞ்சா புள்ளி புடிச்சுக்கும்.”

லாரி ஆலமரத்தைத் தாண்டித் திரும்பியது. போலீஸ் துரை தன் வண்டியில் போனார். சின்ன துரை பங்களாவுக்குள் போனார், இப்போது சீட்டி அடிக்கவில்லை. கதிரேசு எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

நவரட்ணம் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின்மேல் உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டு நனைந்துகொண்டிருந்தது, குடை பக்கத்திலேயே கிடந்தது. “ஒரு சொல்லு,” என்றார். “காலமையே அவனிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் போதும். நீர் கேட்டனீர். நான்தான் வேண்டாம் எண்டனான்.”

சொறி என்று சொன்ன நாக்கு தம்புசாமியுடையது. மோட்டாரின் வாலில் தோளைக் கொடுத்துத் தனியாகத் தள்ளினான். அசையவில்லை. நவரட்ணம் எழுந்துவந்து மறுபக்கம் கை வைத்தார். இரண்டு பேருமாகக் கொட்டகைக்குள் தள்ளிச் சேர்த்தார்கள்.

வேலியைச் சுற்றிக்கொண்டு ஜானகி வந்தாள். இப்போது தடுக்க யாரும் இல்லை. வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். தூரத்திலிருந்து எல்லாம் பார்த்திருந்தாள், எதுவும் கேட்டிருக்கவில்லை. துரை வண்டியைத் தடவிப் பார்த்ததையும் தலையை ஆட்டியதையும் பார்த்திருந்தாள்.

“துரைக்குப் புடிச்சிருந்திச்சா, ஐயா?” என்றாள். “எங்க வீட்டுக்காரரு கை பட்டா அப்படித்தாங்க மின்னும். துரை என்ன சொன்னாரு?”

நவரட்ணம் மழையைப் பார்த்தார். தம்புசாமி உத்தரத்தில் இருந்த துணியை எடுத்து மடித்தான். மட்கார்டின் மேல் துளிகள் ஒன்றுகூட உடையாமல் நின்றுகொண்டிருந்தன.

“அண்ணே, துரை என்ன சொன்னாரு?” என்று ஜானகி மறுபடியும் கேட்டாள்.

அவன் மூக்கிலிருந்து வாலுக்கு, நீளவாக்கில் துடைக்கத் தொடங்கினான்.